17-வது கிலோமீட்டருக்கு ஒருமுறை வந்து பாருங்கள்

நம் ஊர் அரை மாரத்தான் ஏற்பாட்டுக் குழுவினருக்கும், அதற்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்கும்,

அடுத்த ஆண்டுப் போட்டிக்கான உங்கள் அறிவிப்பைப் போன வாரம் படித்தேன். 1,200 பேர் ஓடிய அரை மாரத்தானில் இனி 3,000 பேர். ஓடி முடிக்க இதுவரை இருந்த மூன்றரை மணி நேரம் இனி இரண்டே முக்கால் மணி நேரம். அதற்குள் வராதவர்களுக்குப் பதக்கம் கிடையாது. இந்த ஆண்டு நடந்ததைப் பற்றிக் கேட்டவர்களுக்கு நீங்கள் ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தீர்கள்: "போதிய பயிற்சி இல்லாதவர்கள் ஓட வந்ததால் சில சிரமங்கள் ஏற்பட்டன."

அந்த வரியைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அன்று சாலையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். உங்களில் பெரும்பாலோர் மேடை இருந்த மைதானத்தில் இருந்தீர்கள். நான் சாலையில் இருந்தேன்.

எனக்கு வயது 49. அரசு மருத்துவமனையில் 24 ஆண்டுகளாகச் செவிலியர் வேலை. ஆறு ஆண்டுகளாக ஓடுகிறேன். இது எனக்கு ஒன்பதாவது அரை மாரத்தான். நல்ல நாளில் 2 மணி 50 நிமிடம் ஆகும், சுமாரான நாளில் மூன்று மணி. டூட்டி மாறி மாறி வரும் வேலையில், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பயிற்சி எடுத்து வந்த வேகம் அது. உங்கள் புதிய கணக்குப்படி நான் பயிற்சி இல்லாதவள்.

அன்று காலை 4.45-க்கு மைதானத்துக்கு வந்துவிட்டேன். பெண்களுக்கு என்று இரண்டு மொபைல் டாய்லெட் வைத்திருந்தீர்கள். ஒன்றில் தண்ணீர் வரவில்லை. இன்னொன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, வெளியே ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வரிசையில் எனக்கு முன்னால் நாற்பது பேராவது இருந்தார்கள். இது சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். கழிப்பறை சரியாக இருக்காது என்று தெரிந்தால் பெண்கள் என்ன செய்வோம் தெரியுமா? முந்தைய இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவோம். பஸ் பயணத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் சின்ன வயதிலிருந்தே பழகிய பழக்கம் அது. 21 கிலோமீட்டர் ஓடப் போகிறவள் அதைச் செய்தால் அது நேராக மருத்துவ முகாமில் கொண்டுபோய் விடும். என்னோடு வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் அப்படித்தான் வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

5.30-க்குத் தொடக்கம் என்று பிப்போடு, அதாவது நெஞ்சில் குத்திக்கொண்டு ஓடும் எண் அட்டையோடு, தந்த தாளில் அச்சிட்டிருந்தீர்கள். 5.20-க்கு எங்களைக் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தினீர்கள். சிறப்பு விருந்தினர் வந்தது 6.15-க்கு. அவர் பேசி முடித்துக் கொடியசைத்தபோது மணி 6.25. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். மார்ச் கடைசியில் நம் பக்கம் அந்த நேரத்துக்கெல்லாம் சூரியன் மேலே வந்துவிடும். இருட்டில், கொஞ்சமாவது குளிர்ச்சியில் ஓட வேண்டிய நேரம் நின்றபடியே போய்விட்டது. 5.30-க்கு ஓடத் தொடங்கியிருந்தால் 8.20-க்கு நான் முடித்திருப்பேன். 6.25-க்குத் தொடங்கினால் என் கடைசிக் கிலோமீட்டர் ஒன்பது மணி வெயிலில்தான்.

முதலில் இந்தப் போட்டியை மார்ச்சுக்கு ஏன் மாற்றினீர்கள்? முன்பெல்லாம் ஜனவரியில்தானே நடந்தது. சென்னை மாரத்தானை ஜனவரியில் வைத்து, விடியும் முன்பே ஓடவிடுகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. கடற்கரை ஊரில் காற்று எப்போதும் ஈரமாக இருக்கும். வியர்வை வழியும், ஆனால் காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பின் சூடு வெளியே போகும். அன்று எட்டு மணிக்கு என் செல்போன் 29 டிகிரி என்று காட்டியது. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை. அதனால்தான் பெரிய போட்டிகளில் வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் கருவியை வைத்து அளக்கிறார்கள். 2007 அக்டோபரில் சிகாகோ மாரத்தானில் வெயில் 31 டிகிரியைத் தொட்டபோது போட்டியைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. தண்ணீர் கிடைக்கவில்லை என்று ஓடியவர்கள் குமுறினார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று நிறம் வைத்து வழியெங்கும் எச்சரிக்கை காட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஓடுபவர்களுக்குப் பயிற்சி போதவில்லை என்று சொல்லிக் கையைக் கழுவிவிடவில்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். 5-லும் 9-லும் தண்ணீர் இருந்தது. 14-வது கிலோமீட்டரில் நான் போனபோது மேஜை இருந்தது, விரிப்பு இருந்தது, ஸ்பான்சர் பேனர் இருந்தது, தண்ணீர் இல்லை. கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் நின்றார்கள். "ஆன்ட்டி, வண்டி வருதுன்னு சொன்னாங்க, இன்னும் வரல" என்று சொன்ன அந்தப் பெண்ணுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாலு மணிக்கு வந்த பிள்ளைகள். காலைச் சாப்பாடுகூட அவர்களுக்கு வரவில்லை. கோபத்தில் கத்தியவர்களிடமெல்லாம் அவர்கள்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் ஏன் தீர்ந்தது என்பது சாலையைப் பார்த்தாலே தெரிந்தது. நீங்கள் கொடுத்தது அரை லிட்டர் பாட்டில். ஓடும்போது யாராலும் அரை லிட்டர் குடிக்க முடியாது. முன்னால் போனவர்கள் இரண்டு வாய் குடித்துவிட்டு, ஒரு பாட்டிலைத் தலையில் ஊற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை, எனக்கு அந்த வேகம் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். சாலையோரம் நெடுக முக்கால்வாசித் தண்ணீரோடு பாட்டில்கள் கிடந்தன. எனக்கு முன்னால் போன பெரியவர், அறுபத்தைந்து வயதாவது இருக்கும், குனிந்து அதில் ஒன்றை எடுத்தார். வாய்ப்பகுதியைச் சட்டையில் துடைத்தார். குடித்தார். பிறகு இன்னொன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். நானும் குடித்தேன். 900 ரூபாய் கட்டி ஓடிய இரண்டு பேர், யாரோ குடித்து எறிந்த எச்சில் தண்ணீரைத் தரையிலிருந்து எடுத்துக் குடித்தோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு இடத்தில் 200 மில்லி வீதம் இரண்டு டம்ளர், ஒன்று குடிக்க, ஒன்று தலையில் ஊற்ற. 1,200 பேருக்கு 480 லிட்டர். அதாவது நம் வீடுகளுக்கு வரும் 20 லிட்டர் கேனில் 24 கேன். இரண்டரை கிலோமீட்டருக்கு ஓர் இடம் என்று எட்டு இடம் வைத்தால் 192 கேன். கேன் 35 ரூபாய் என்றாலும் 6,720 ரூபாய். எட்டு பேர் கட்டிய பதிவுக் கட்டணத்தில் அது அடங்கிவிடும். ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு ஓர் இடத்தில் தண்ணீர் வேண்டும் என்பது உலகத் தடகள அமைப்பின் விதி. உலகத்துக்கெல்லாம் பொதுவாகச் சொன்ன அளவு அது. நம் ஊர் மார்ச் மாதத்துக்கு அதில் பாதி தூரம்தான் சரி.

இனி அந்தத் தம்பியைப் பற்றி. உங்கள் அறிக்கையில் வந்த 'சில சிரமங்கள்' அவர்தான்.

17-வது கிலோமீட்டர் பலகையைத் தாண்டி ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் முன்னால் இளைஞர் ஒருவர் சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தள்ளாடிப் போய்க்கொண்டிருந்தார். கையைப் பிடித்து, "தம்பி, கொஞ்சம் உட்காருங்க" என்றேன். என்னைப் பார்த்து, "டிக்கெட் எடுத்துட்டேன்க்கா" என்றார். எனக்குத் திக்கென்றது. கை, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி கொதித்தது. உடம்பெல்லாம் வியர்வை. வெப்பத்தாக்கு என்றால் தோல் காய்ந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓடுவதால் வருகிற வெப்பத்தாக்கில் வியர்வை நன்றாகவே இருக்கும். புத்தி தடுமாறுவதுதான் அடையாளம். அதற்குள் அவர் கால் மடங்கி விழுந்துவிட்டார்.

பிப்பின் பின்பக்கம் அச்சிட்டிருந்த அவசர எண்ணுக்கு அடித்தேன். முதல் இரண்டு தடவை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தவர், "எந்த இடம்?" என்று கேட்டார். "17 தாண்டி பஸ் ஸ்டாப்" என்றேன். "அது எங்கே வருது மேடம்?" என்றார்.

டீக்கடை அம்மா குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். அது போதாது. ஐஸ் வேண்டும். அப்போதுதான் துறைமுகப் பக்கமிருந்து டிவிஎஸ் எக்ஸெல்லில் மீன் பெட்டியோடு ஒரு அண்ணன் வந்தார். மறித்து விஷயத்தைச் சொன்னேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. தெர்மாகோல் பெட்டியைத் திறந்து, மீனை ஒரு சாக்கில் கொட்டினார். "எடுத்துக்கங்கக்கா, மீன் போனா போகுது" என்றார். அந்த ஐஸைத் துண்டில் கட்டிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்தோம். மீதியை வாளித் தண்ணீரில் போட்டு உடம்பெல்லாம் ஊற்றினோம். பின்னால் வந்தவர்களில் நாலு பேர் போட்டியை விட்டுவிட்டு நின்று அட்டையால் விசிறினார்கள். பதினைந்து நிமிடம் கழித்து அவர் கண்ணைத் திறந்து தன் பெயரைச் சொன்னார். அப்புறம் மனைவியின் செல் எண்ணைச் சொன்னார். பத்து இலக்கமும் சரியாக.

உங்கள் ஆம்புலன்ஸ் வந்தது 22 நிமிடம் கழித்து. 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு வந்தவர்களின் கார்கள் வழியை அடைத்திருந்ததாம். அதில் ஐஸ் இல்லை. உடம்பின் உள்சூட்டைப் பார்க்கும் தெர்மாமீட்டர் இல்லை. உடன் வந்த பையன், அரைமயக்கத்தில் இருந்தவர் வாயில் குளுக்கோஸ் தண்ணீரை ஊற்றப் போனான். தடுத்தேன். அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் ஃபால்மவுத் என்ற கடலோர ஊரில் ஆகஸ்ட் வெயிலில் ஒரு சாலை ஓட்டம் நடக்கிறது. 18 ஆண்டுகளில் அங்கே 274 பேருக்கு வெப்பத்தாக்கு வந்தது. ஒருவர்கூடச் சாகவில்லை. முடிவுக்கோட்டுப் பக்கத்திலேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டி தயாராக இருக்கும். விழுந்தவரை முதலில் அதில் இறக்கிக் குளிர்விப்பார்கள், பிறகுதான் ஆஸ்பத்திரி. முதல் அரைமணி நேரம்தான் எல்லாமே. ஒரு பிளாஸ்டிக் தொட்டி, பத்துப் பார் ஐஸ், விவரம் தெரிந்த இரண்டு பேர். மீன்பிடித் துறைமுகம் இருக்கிற ஊரில் ஐஸுக்கா பஞ்சம்?

அந்தத் தம்பி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். போய்ப் பார்த்தேன். அது அவருக்கு எட்டாவது அரை மாரத்தான். போன டிசம்பரில் 2 மணி 25 நிமிடத்தில் முடித்திருக்கிறார். 14-ல் தண்ணீர் வண்டி வரும் என்று பத்து நிமிடம் காத்து நின்றாராம். வரவில்லை. போன நேரத்தை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டியிருக்கிறார். இவரைத்தான் பயிற்சி இல்லாதவர் என்று எழுதினீர்கள்.

இப்போது கட்-ஆஃப் நேரத்தைக் குறைக்கும் உங்கள் முடிவை இதோடு சேர்த்துப் பாருங்கள். மூன்றரை மணி என்றால் கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம். இரண்டே முக்கால் என்றால் 7 நிமிடம் 49 நொடி. தாமதமாகத் தொடங்கி, தண்ணீர் இல்லாமல் நிற்க வைத்துவிட்டு, நேரத்தையும் குறைத்தால் என்ன ஆகும்? வெயிலில் பதக்கத்துக்காக வேகத்தைக் கூட்டுவார்கள். அடுத்த ஆண்டு 17-லும் 18-லும் விழப்போகிறவர்கள் எத்தனை பேர்? சாலையைச் சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதுதான் காரணம் என்றால், காலை 5 மணிக்கே ஓடவிடுங்கள். 8.30-க்குச் சாலை உங்களுடையது. விருந்தினருக்காகக் கொடுத்த 55 நிமிடத்தை ஐம்பது வயதுக்காரர்களிடமிருந்தும் பெண்களிடமிருந்தும் பிடுங்காதீர்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் ஓடி வருகிறவர்கள் பெரும்பாலும் நாங்கள்தான்.

தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரை மாரத்தான் 21.0975 கிலோமீட்டர். என் கைக்கடிகாரம் 20.4 என்று காட்டியது. கடிகாரம் தப்பாகக் காட்டலாம் என்பீர்கள். காட்டும், ஆனால் வழக்கமாகக் கூடுதலாகத்தான் காட்டும், ஏனென்றால் வளைவுகளில் யாரும் ஓரத்தை ஒட்டியே ஓடுவதில்லை. என்னோடு முடித்த பத்துப் பன்னிரண்டு பேர் கடிகாரமும் 20.3-க்கும் 20.5-க்கும் நடுவில்தான் இருந்தது. யூ-டர்ன் கோன் இடம் மாறியிருக்கிறது. இது உலகத்தில் நடக்காதது இல்லை. பாங்காக்கில் 2015-ல் திரும்பும் இடம் மாறி, அரை மாரத்தான் ஓட வந்தவர்கள் 27 கிலோமீட்டருக்கு மேல் ஓடினார்கள். இங்கிலாந்தின் பிரைட்டனில் மூன்று ஆண்டுகள் பாதை 146 மீட்டர் குறைவாக இருந்ததை 2018-ல் வெளிப்படையாக அறிவித்தார்கள். இரண்டு இடத்திலும் ஏற்பாட்டாளர்கள் தவறை ஒத்துக்கொண்டார்கள். கார் மீட்டரையோ செல்போன் மேப்பையோ நம்பாமல், அளவு சரிபார்த்த சைக்கிளில் சக்கரச் சுற்றை எண்ணும் கருவியைப் பொருத்தி ஓட்டி அளப்பதுதான் முறை. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியே அளப்பார்கள், எந்தக் காரணத்தாலும் தூரம் குறைந்துவிடக் கூடாது என்று. மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவை மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிட்டேன் என்று அழுத ஒரு பெண்ணிடம், "அது 21 இல்லைம்மா" என்று நான் எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை.

முடிவில் வாழைப்பழம் தீர்ந்திருந்தது, பொங்கல் தீர்ந்திருந்தது, பதக்கம் மூன்று வாரம் கழித்துக் கூரியரில் வந்தது. இவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் கேட்பது இவைதான்.

போட்டியை மீண்டும் ஜனவரிக்குக் கொண்டுபோங்கள். காலை 5 மணிக்குத் தொடங்குங்கள். யார் வந்தாலும் வராவிட்டாலும் அந்த நிமிடம் ஓடவிடுங்கள், விருந்தினர் பரிசளிப்புக்கு வரட்டும். கட்-ஆஃப் மூன்றரை மணி நேரமாகவே இருக்கட்டும்.

இரண்டரை கிலோமீட்டருக்கு ஓர் இடத்தில் தண்ணீர், பாட்டிலில் அல்ல, டம்ளரில். கடைசி ஆள் கடக்கும்வரை மேஜையை எடுக்கக் கூடாது. தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொரு இடத்திலிருந்தும் அரை மணிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும். அங்கே நிற்கும் பிள்ளைகளுக்கு ஆறு மணிக்குள் சாப்பாடு போய்ச்சேர வேண்டும்.

10, 15, 18 கிலோமீட்டர்களிலும் முடிவிலும் ஐஸ் தொட்டியும் அதைக் கையாளத் தெரிந்த ஆளும் வேண்டும். இதயம் நின்றால் மின்னதிர்வு தரும் கருவி குறைந்தது இரண்டு. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய சுமார் 1.09 கோடிப் பேரைக் கணக்கெடுத்ததில், ஓட்டத்தின்போது இதயம் நின்றவர்கள் 59 பேர், அதில் இறந்தவர்கள் 42 பேர். அரிதுதான். ஆனால் பிழைத்தவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் இருந்தவர் உடனே நெஞ்சை அழுத்தியதால் பிழைத்தவர்கள். உங்கள் தன்னார்வலர்களுக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியைச் சொல்லிக்கொடுக்க நான் தயார். ஒரு ஞாயிறு போதும், பணம் வேண்டாம்.

பெண்களுக்கு ஐம்பது பேருக்கு ஒரு கழிப்பறை, தண்ணீரும் தாழ்ப்பாளும் விளக்கும் இருக்கிற கழிப்பறை. வழியிலும் இரண்டு இடத்தில்.

பாதையை முறைப்படி அளந்து அந்தச் சான்றை வெளியிடுங்கள். இந்த ஆண்டு தூரம் குறைந்ததை எழுத்தில் ஒத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் 1,200 பேருக்குச் சரியாகச் செய்து காட்டும்வரை 3,000 பேருக்குப் பதிவைத் திறக்காதீர்கள். அனுமதி தரும் அதிகாரிகளிடம் கேட்பது: மருத்துவத் திட்டத்தையும் தண்ணீர்த் திட்டத்தையும் காகிதத்தில் வாங்கிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

'போதிய பயிற்சி இல்லாதவர்கள்' என்ற வரியைத் திரும்பப் பெறுங்கள். அந்தத் தம்பியின் வீட்டுக்குக் குழுவிலிருந்து யாராவது நேரில் போங்கள்.

அந்த மீன்கார அண்ணனின் அன்றைய வியாபாரம் போனது. நான் கொடுத்த பணத்தை அவர் வாங்கவில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு அந்த பஸ் ஸ்டாப் வழியாகத்தான் போகிறார். அவருக்கான பணத்தை நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கள்.